மாடிஃபை செய்த கார் பியுசி டெஸ்ட்டில் திரும்பத் திரும்ப ஃபெயில் ஆகுதா? காரணம் அந்தச் சீட்டிலேயே இருக்கு!

செகண்ட் ஹேண்டில் வாங்கிய ஒரு பெட்ரோல் கார். முந்தைய ஓனர் சைலன்சரை மாற்றியிருக்கிறார், ஈசியூவை ரீமேப் செய்திருக்கிறார், கேஸ் கிட்டும் போட்டிருக்கிறார். வண்டி நல்லாத்தான் ஓடுது. ஆனால் புகைப் பரிசோதனைக்குப் போனால் மட்டும் ஃபெயில். பிளக்கை மாற்றினாலும் ஃபெயில், சர்வீஸ் விட்டாலும் ஃபெயில். கடைசியில் யாராவது ஒருவர், "வண்டியே வேண்டாம், நம்பரை மட்டும் அனுப்புங்க, சர்டிஃபிகேட் ரெடி பண்ணிடலாம்" என்பார்.

அந்தக் குறுக்கு வழிக்குப் போகும் முன் ஒரு விஷயம். ஃபெயில் ஆன டெஸ்ட்டே, கோளாறு எங்கே இருக்கிறது என்பதற்கான முதல் துப்பு. அதை எப்படிப் படிப்பது? வாங்க, பார்க்கலாம்.

பியுசி டெஸ்ட்டில் எதை அளக்கிறார்கள்?

1989-ம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 115-வது விதிதான் இதற்கு அடிப்படை. பெட்ரோல் காரில் முக்கியமாகப் பார்ப்பது இரண்டு. ஒன்று, கார்பன் மோனாக்சைடு. சீட்டில் இது சிஓ என்று இருக்கும். இன்னொன்று, எரியாமல் வெளியேறும் எரிபொருள். இது ஹெச்சி.

பிஎஸ் 4 காராக இருந்தால் ஐடிலிங்கில் சிஓ 0.3 சதவீதத்தையும், ஹெச்சி 200 பிபிஎம்-ஐயும் தாண்டக் கூடாது. இன்ஜினை சுமார் 2,500 ஆர்பிஎம்-க்கு ஏற்றிப் பார்க்கும்போது சிஓ 0.2 சதவீதத்துக்குள்ளும், லாம்டா 0.97-லிருந்து 1.03-க்குள்ளும் இருக்க வேண்டும். லாம்டா என்பது காற்றும் பெட்ரோலும் சரியான விகிதத்தில் கலந்திருக்கிறதா என்பதைச் சொல்லும் எண். 1-க்குக் கீழே போனால் பெட்ரோல் அதிகம், மேலே போனால் காற்று அதிகம்.

பிஎஸ் 3 காருக்கு இவ்வளவு கெடுபிடி கிடையாது. ஐடிலிங்கில் சிஓ 0.5 சதவீதம், ஹெச்சி 750 பிபிஎம் வரை போகலாம். அதனால்தான் பழைய வண்டியில் செய்த அதே வேலையை புது வண்டியில் செய்தால் மாட்டிக்கொள்கிறோம்.

ஃபெயில் ஆனதும் கேட்க வேண்டியது என்ன?

'ரிஜெக்‌ஷன் ஸ்லிப்'. பலருக்கும் இப்படி ஒன்று இருப்பதே தெரியாது. 2021 ஜூனில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் நாடு முழுவதும் ஒரே மாதிரியான பியுசி சான்றிதழைக் கொண்டுவந்தபோது இதையும் சேர்த்தே அறிமுகப்படுத்தியது. அளவு தாண்டினால் அந்த எண்களைப் போட்டு சீட்டு தர வேண்டும். அதை மெக்கானிக்கிடம் காட்டலாம். மெஷின் மீதே சந்தேகம் என்றால் வேறு சென்டரில் டெஸ்ட் செய்து ஒப்பிட்டும் பார்க்கலாம்.

"ஃபெயில் சார், சர்வீஸ் பண்ணிட்டு வாங்க" என்ற வாய்வார்த்தையோடு திரும்பி வந்தால், மெக்கானிக் இருட்டில்தான் துழாவ வேண்டும்.

எண்கள் என்ன சொல்கின்றன?

சிஓ மட்டும் அதிகம்: பெட்ரோல் அளவுக்கு மேல் போகிறது. அடைத்த ஏர் ஃபில்டர், ஒழுகும் இன்ஜெக்டர், தவறான சென்சார், பவருக்காகப் பெட்ரோலைக் கூட்டிய ரீமேப் ஆகியவற்றைச் சந்தேகிக்கலாம்.

ஹெச்சி மட்டும் அதிகம்: பெட்ரோல் எரியாமலே வெளியே வருகிறது. பிளக், இக்னிஷன் காயில், இன்டேக் பக்கம் காற்று ஒழுகல் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். இன்ஜின் ஆயில் எரிந்தாலும் ஹெச்சி ஏறும்.

இரண்டுமே அதிகம்: கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் செத்துவிட்டது, அல்லது வண்டியில் அது இல்லவே இல்லை.

ஆக்சிஜன் அதிகம், கார்பன் டை ஆக்சைடு குறைவு: எக்ஸாஸ்ட் பைப்பில் எங்கோ ஓட்டை. வெளிக்காற்று உள்ளே கலக்கிறது.

மாடிஃபிகேஷன் எங்கே கெடுக்கிறது?

கம்பெனியிலிருந்து வரும் கார் ஒரு சுற்றாக வேலை செய்கிறது. எக்ஸாஸ்ட்டில் இருக்கும் ஆக்சிஜன் சென்சார் புகையை முகர்ந்து ஈசியூவுக்குச் சொல்லும். ஈசியூ பெட்ரோலைக் கூட்டும், குறைக்கும். மிச்சமிருக்கும் நச்சைக் கன்வெர்ட்டர் எரித்துவிடும். இதில் ஒரு கண்ணி அறுந்தாலும் எண் ஏறிவிடும்.

சத்தத்துக்காகப் போடும் ஃப்ரீ ஃப்ளோ எக்ஸாஸ்ட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். பல இடங்களில் கன்வெர்ட்டரைக் கழற்றிவிட்டு நேர் பைப்பைப் போட்டுவிடுகிறார்கள். கன்வெர்ட்டர் இல்லாமல் 0.3 சதவீதத்துக்குள் நிற்பது ரொம்பவே கஷ்டம். கழற்றியதும் டேஷ்போர்டில் செக் இன்ஜின் விளக்கு எரியும். அதை அணைக்க பின்பக்க சென்சாருக்கு ஒரு ஸ்பேசர் மாட்டுவார்கள். விளக்கு அணையும். ஆனால் டெஸ்ட் மெஷினின் குழாய் டேஷ்போர்டைப் பார்ப்பதில்லை, சைலன்சருக்குள்தான் போகிறது.

இன்னொரு சிக்கல் மெக்கானிக்கையே குழப்பிவிடும். புதிதாக வெல்டிங் செய்த பைப்பில், முன்பக்க சென்சாருக்கு முன்னால் சின்ன ஓட்டை இருந்தால் வெளிக்காற்று உள்ளே வரும். சென்சாரோ 'காற்று அதிகம்' என்று தப்பாகச் சொல்லும். ஈசியூ அதை நம்பி பெட்ரோலைக் கூட்டும். விளைவு, ஓட்டை இருப்பது பைப்பில், ஏறுவது சிஓ. இன்ஜெக்டரை எத்தனை முறை சுத்தம் செய்தாலும் இது தீராது.

கேஸ் கிட் இருந்தால்?

பெட்ரோலில் ஒரு முறை, கேஸில் ஒரு முறை டெஸ்ட் எடுத்து இரண்டையும் ஒப்பிடுங்கள். பெட்ரோலில் பாஸ், கேஸில் ஃபெயில் என்றால் கிட்டின் ரெடியூசர் அல்லது டியூனிங்கில் கோளாறு. இரண்டிலும் ஃபெயில் என்றால் பிளக், சென்சார், கன்வெர்ட்டர் என்று பொதுவான பாகங்களைப் பார்க்க வேண்டும்.

ஆர்சியும் முக்கியம். கேஸ் வண்டிக்கு மெஷின் காட்டும் ஹெச்சியை அப்படியே எடுத்துக்கொள்வதில்லை. சிஎன்ஜி என்றால் அதில் 0.3 பங்கு, எல்பிஜி என்றால் 0.5 பங்குதான் கணக்கு. ஆர்சியில் கேஸ் ஏறாமல், மெஷினில் வெறும் பெட்ரோல் வண்டி என்று பதிவானால் இந்தக் கணக்கு உங்களுக்குக் கிடைக்காது. நல்ல வண்டியும் ஃபெயில் ஆகலாம்.

எந்த வரிசையில் சரிசெய்வது?

1. வண்டியைப் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு, அணைக்காமல் டெஸ்ட்டுக்கு விடுங்கள். கன்வெர்ட்டர் சுமார் 250 டிகிரிக்கு மேல் சூடானால்தான் வேலையே செய்யும். செலவில்லாத வைத்தியம் இதுதான்.

2. ஏர் ஃபில்டர், பிளக், இன்ஜின் ஆயில் பாருங்கள்.

3. வண்டியை லிஃப்டில் ஏற்றி, கன்வெர்ட்டர் இருக்கிறதா, பைப்பில் ஒழுகல் இருக்கிறதா என்று பாருங்கள். டப்பா இருந்தும் உள்ளே ஒன்றும் இல்லாத வண்டிகளும் உண்டு.

4. ஸ்கேனரில் 'ஃப்யூயல் ட்ரிம்' பாருங்கள். ஈசியூ எவ்வளவு பெட்ரோலைக் கூட்டுகிறது, குறைக்கிறது என்பது அதில் தெரியும். கூட்டியோ குறைத்தோ 10 சதவீதத்தைத் தாண்டி நின்றால் ஏதோ ஒன்றைச் சமாளிக்க ஈசியூ போராடுகிறது என்று அர்த்தம்.

5. ரீமேப் செய்திருந்தால் கம்பெனி ஃபைலுக்குத் திரும்புங்கள்.

6. இத்தனைக்கும் பிறகுதான் புது கன்வெர்ட்டர். இந்த வரிசை மாறினால் பணம் போச்சு. மிஸ்ஃபயரைச் சரிசெய்யாமல் புது கன்வெர்ட்டர் போட்டால், எரியாத பெட்ரோல் அதற்குள் போய் எரிந்து அதையும் உருக்கிவிடும்.

பாஸ் ஆனால் வண்டி சுத்தமா?

அப்படிச் சொல்லிவிட முடியாது. இந்த டெஸ்ட்டின் பெரிய ஓட்டையே இதுதான். பெட்ரோலில் சிஓவும் ஹெச்சியும், டீசலில் புகையின் அடர்த்தியும்தான் அளக்கப்படுகின்றன. நுரையீரலைப் பாதிக்கும் நைட்ரஜன் ஆக்சைடுகள் கணக்கிலேயே வருவதில்லை.

டீசல் காரில் இஜிஆர் வால்வை அடைத்துவிடும் பழக்கம் இருக்கிறது. அடைத்தால் கரும்புகை குறையும், நைட்ரஜன் ஆக்சைடு கூடும். அதாவது கெடுத்த வண்டி டெஸ்ட்டில் இன்னும் சுலபமாகப் பாஸ் ஆகும்! 2015-ல் அமெரிக்காவில் ஃபோக்ஸ்வாகன் டீசல் கார்கள் மாட்டியதும் இதே நைட்ரஜன் ஆக்சைடில்தான். ஆய்வகத்தில் ஒழுங்காக இருந்த கார், சாலையில் வேறு முகம் காட்டியது.

சட்டம் என்ன சொல்கிறது?

புகை அளவு மீறலுக்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 190(2) பிரிவில் முதல் முறைக்கே 10,000 ரூபாய் வரை அபராதம், மூன்று மாதம் வரை சிறை அல்லது இரண்டும் விதிக்கலாம். லைசென்ஸும் மூன்று மாதம் போகும். அனுமதியில்லாத மாற்றத்துக்கு 182ஏ(4) பிரிவின்படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை அல்லது இரண்டும். தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. அங்கீகரிக்கப்பட்ட கேஸ் கிட்டுக்கு மட்டும் தனி வழி உண்டு, ஆர்சியில் ஏற்ற வேண்டும்.

இந்த இரண்டு பிரிவிலும் முதலில் சிக்குவது, இன்று யார் கையில் வண்டி இருக்கிறதோ அவர்தான். கன்வெர்ட்டரைக் கழற்றியவர் நேற்றே காசு வாங்கிவிட்டார், விற்றவர் கைகழுவிவிட்டார். அதனால் பழைய கார் வாங்கப் போகிறவர்கள், அட்வான்ஸ் கொடுக்கும் முன் அதே வண்டியை உங்கள் கண்முன்னே ஒரு பியுசி டெஸ்ட் எடுக்கச் சொல்லுங்கள். தேதி முடியாத பழைய சான்றிதழைக் காட்டினால் அதை மட்டும் நம்ப வேண்டாம். இன்றைக்கு மெஷின் காட்டும் எண்ணைப் பார்த்துவிட்டு விலை பேசுங்கள்.