ஊக்கத்தொகையும் நம் ஊர் ஸ்கேன் நிலையங்களும்

மஞ்சள் பை இல்லாத வீடு நம் கரிசல் சீமையில் இல்லை. குடும்ப அட்டையும் பட்டா நகலும் வங்கிப் புத்தகமும் இருக்கின்ற அந்தப் பையில்தான் எக்ஸ்ரே படமும் ஸ்கேன் அறிக்கையும் சுருட்டி வைக்கப்பட்டிருக்கும். நரிக்குடிப் பக்கமிருந்தோ திருச்சுழிப் பக்கமிருந்தோ மதுரைப் பெரியாஸ்பத்திரிக்குப் புறப்படும் ஒரு சம்சாரியின் மருத்துவ வரலாறு முழுவதும் அந்தப் பைக்குள் அடங்கிவிடுகிறது. பை நனைந்தால் வரலாறும் நனைந்தது. அந்தப் பைக்கு மாற்றாக மைய அரசு கொண்டு வந்த திட்டத்தில் நம் ஊர்ச் சிறு ஸ்கேன் நிலையங்கள் ஊக்கத்தொகை பெறும் தகுதியை அடைய முடியுமா, அடைய நாம் உதவலாமா என்பது குறித்து என் மனத்தில் பட்டதை மாணவ நண்பர்கள் முன்னும் ஆசிரியப் பெருமக்கள் முன்னும் வைக்க விரும்புகிறேன்.

திட்டம் இதுதான். ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் இயக்கம் 2021ஆம் ஆண்டு செப்டம்பர் 27 அன்று நாடு முழுமைக்குமாகத் தொடங்கப்பட்டது. விரும்பும் ஒவ்வொருவருக்கும் ‘ஆபா’ என்ற 14 இலக்க எண். மருத்துவமனைகளுக்கு ஒரு பதிவேடு, மருத்துவர்களுக்கு ஒரு பதிவேடு. நோயாளியின் ஆவணங்கள் டில்லியில் ஒரே கிடங்கில் குவிக்கப்படுவதில்லை. எடுத்த இடத்திலேயே இருக்கும். நோயாளி சம்மதம் தந்தால் வேறொரு மருத்துவர் அதைத் தம் திரையில் பார்க்கலாம். கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கணிப்பொறி வாங்கி, மென்பொருள் வாங்கி, ஆள் வைத்துப் பதிவு செய்வது யார்? இதை உணர்ந்துதான் தேசிய சுகாதார ஆணையம் 2023 ஜனவரி முதல் ஓர் ஊக்கத்தொகைத் திட்டத்தை நடைமுறைக்குக் கொண்டு வந்தது. ஒரு நிறுவனம் 4 கோடி ரூபாய் வரை பெறலாம் என்று அறிவித்தார்கள். மருத்துவமனைகளோடு இரத்தப் பரிசோதனைக் கூடங்களும் கதிர்ப்பட நிலையங்களும் அதில் சேர்க்கப்பட்டன.

நான்கு கோடி என்றதும் வாய் பிளக்க வேண்டாம். கணக்கைப் பார்ப்போம்.

திட்டம் தொடங்கியபோது வகுக்கப்பட்ட விதிப்படி, பத்து அல்லது அதற்கு மேற்பட்ட படுக்கைகள் கொண்ட மருத்துவமனைக்குப் படுக்கை ஒன்றுக்கு மாதம் 100 பதிவுகள் அடிப்படை. அதற்கு மேல் ஒவ்வொரு பதிவுக்கும் 20 ரூபாய். பரிசோதனை நிலையத்துக்குப் படுக்கை ஏது? ஆகவே மாதம் 500 பதிவுகள் அடிப்படை. அதற்கு மேற்பட்ட ஒவ்வொன்றுக்கும் 15 ரூபாய். பதிவு என்றால் வெறுமனே படம் எடுத்தது ஆகாது. நோயாளியின் ஆபா எண்ணோடு அந்த அறிக்கை இணைக்கப்பட்டிருந்தால்தான் அது கணக்கில் ஏறும்.

திருச்சுழியில் ஓர் எக்ஸ்ரே நிலையம் நாளொன்றுக்குப் பன்னிரண்டு படம் எடுப்பதாகக் கொள்வோம். மாதம் 26 நாள் வேலை செய்தால் 312. ஒவ்வொரு நோயாளியும் ஆபா எண்ணோடு வந்தாலும் அடிப்படை எல்லையைத் தொட முடியாது. அருப்புக்கோட்டையில் நாளுக்கு முப்பது பேர் வரும் நிலையம் ஒன்று இருக்கட்டும். மாதம் 780. எல்லாரும் இணைக்கப்பட்டால் எல்லைக்கு மேல் 280. கிடைப்பது 4,200 ரூபாய். வருகிறவர்களில் பாதிப் பேரே இணைக்கப்பட்டால் 390, கிடைப்பது பூச்சியம். பதிவு செய்ய ஒரு பெண்ணை வேலைக்கு வைத்தால் அவர் சம்பளத்தில் பாதிக்குக்கூட அந்த 4,200 காணாது. மதுரையில் நாளைக்கு முந்நூறு பேர் வரும் பெரிய நிலையத்துக்கு இந்த விதி லாபம். மானாவாரிச் சீமைக்கு இல்லை. மழை பெய்யும் இடத்திலேயே மழை பெய்வதை நாம் பார்த்துப் பழகியவர்கள்தாம். அதற்காக அரசின் பணமும் அப்படியே பெய்ய வேண்டுமா?

‘சிறு நிலையங்கள் பதிவேடு வைக்கப் பழகாதவை, அவற்றைச் சேர்த்து என்ன பயன்’ என்று ஒரு நண்பர் என்னிடம் வாதிட்டார். ஏற்க முடியாது. பாலினத் தேர்வைத் தடுக்கும் 1994ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, கர்ப்பிணிக்கு எடுக்கும் ஒவ்வொரு ஸ்கேனுக்கும் ‘படிவம் எஃப்’ நிரப்பி, குறைந்தது இரண்டாண்டு காத்து வைக்க வேண்டும். சிறிய நிலையமும் இதைச் செய்கிறது. நம் தாய்மார்களோ பிக்மி எண் இல்லாமல் குழந்தைக்குப் பிறப்புச் சான்று வாங்க முடியாதென்பதைக் கிராமச் செவிலியரிடம் கேட்டறிந்து, அந்த எண்ணைச் சுவரில் எழுதி வைத்திருக்கிறார்கள். எண்ணுக்கு அஞ்சும் மக்கள் அல்லர் நாம். எண்ணால் என்ன கிடைக்கும் என்று கேட்கும் மக்கள்.

என் அத்தை ஒருவர் திருச்சுழி வட்டத்துக் கிராமத்தில் இருக்கிறார். இடுப்பு வலிக்கு ஸ்கேன் எடுத்தார். படத்தைக் குறுந்தகட்டில் போட்டுக் கொடுத்தார்கள். மதுரையில் ஒரு மருத்துவரிடம் சென்றபோது அந்தத் தகட்டைப் போட்டுப் பார்க்க அங்கே கருவி இல்லை. அறிக்கைத் தாளோ ஓட்டு வீட்டு ஒழுக்கில் ஊறி எழுத்தழிந்து போயிருந்தது. ‘புதிதாக எடுத்து வாங்கம்மா’ என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். அத்தையின் களையெடுப்புக் கூலியில் பத்து நாள் அத்தோடு போயிற்று. எக்ஸ்ரேயாகவோ சி.டி. ஸ்கேனாகவோ இருந்தால் உடம்பில் மறுபடியும் கதிர் வேறு படும். ஊக்கத்தொகையை ஸ்கேன் நிலைய முதலாளியின் லாப நட்டக் கணக்காக மட்டும் பார்ப்பவர்கள் இந்தப் பத்து நாள் கூலியை மறந்துவிடுகிறார்கள்.

இக்கட்டுரைக்காக நிலையம் நடத்தும் ஒருவரைக் கண்டு பேசினேன். ‘தம்பி, மென்பொருள் வாங்கிவிடலாம். ஓ.டி.பி. வாங்கித் தர உங்களால் முடியுமா?’ என்று கேட்டார். முதலில் புரியவில்லை. பிறகு விளக்கினார். ஆபா எண் உண்டாக்க ஆதாரைக் கொடுத்தால், ஆதாரோடு இணைந்த கைப்பேசிக்கு ஆறு இலக்க எண் வரும். பாட்டியின் ஆதாரில் இருப்பது மகனின் கைப்பேசி. மகன் திருப்பூரில் தறிச் சத்தத்துக்கு நடுவே நிற்கிறான். அவன் எடுத்துப் பார்த்துச் சொல்வதற்குள் எண் காலாவதி. வரிசையில் நிற்பவர்கள் முணுமுணுக்கிறார்கள். டில்லியில் விதி எழுதியவர்களுக்கு இந்தத் திருப்பூர் மகனைத் தெரிந்திருக்க நியாயமில்லை. நமக்குத் தெரியும்.

அமெரிக்காவிலும் இப்படி ஒரு கதை நடந்தது. 2009ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே, மின்னணு மருத்துவப் பதிவேட்டைப் ‘பொருளுடன் பயன்படுத்தும்’ மருத்துவருக்கு மெடிகேர் திட்டத்தில் ஐந்தாண்டில் 44,000 டாலர் வரை தருவதாக அறிவித்தார்கள். விதிகளோ நோயாளியை நேரில் பார்த்து மருந்தெழுதும் மருத்துவரை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. இரத்த அழுத்தம் குறித்தாயா, புகை பிடிப்பவரா என்று கேட்டாயா, மருந்துச் சீட்டை மின்னணுவில் அனுப்பினாயா என்பன போன்ற அளவுகோல்கள். இருட்டறையில் படம் பார்க்கும் கதிரியல் மருத்துவர் இவற்றை எங்கே செய்வார்? சிலவற்றுக்கு விலக்கு உண்டுதான். ஆனாலும் தமக்கு வேண்டாத வசதிகளும் அடங்கிய சான்றிதழ் பெற்ற மென்பொருளை அவர் வைத்திருந்தாக வேண்டும். இறுதியில் 2012இல் வந்த இரண்டாம் கட்ட விதிகளில், தண்டத்திலிருந்து அவர்களுக்குத் தனிச் சலுகை கொடுக்க நேர்ந்தது. செல்வம் கொழிக்கும் நாட்டிலேயே ஒருவருக்குத் தைத்த சட்டையை இன்னொருவருக்குப் போட்டுப் பார்த்துக் கிழித்திருக்கிறார்கள். அங்கே இரத்த அழுத்தம். இங்கே ஐந்நூறு என்ற எண்.

ஆகவே என் கருத்து இது. ஒரு வட்டத்திலுள்ள சிறு நிலையங்கள் சேர்ந்து ஒரே கணக்காகக் காட்டிக்கொள்ள இடமளிக்க வேண்டும். அல்லது பின்தங்கிய பகுதிகளில் முதல் பதிவிலிருந்தே தொகை கொடுக்க வேண்டும். 2018இல் மைய அரசே தேர்ந்தெடுத்த ‘முன்னேற விழையும் மாவட்டங்கள்’ பட்டியலில் விருதுநகரும் இராமநாதபுரமும் இருக்கின்றன. பட்டியலில் பெயர் இருந்தால் விதியிலும் அதற்கொரு வரி இருக்க வேண்டாமா?

ஒன்றை மறைக்கக் கூடாது. 2022 நவம்பரில் டில்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் கணிப்பொறிகளையே திருடர்கள் முடக்கினார்கள். பல நாட்கள் காகிதத்தில் எழுதித்தான் வேலை நடந்தது. எய்ம்ஸுக்கே அந்த நிலை என்றால், ஒரே கணிப்பொறியில் சினிமாப் பாட்டும் நோயாளி அறிக்கையும் வைத்திருக்கும் நிலையம் எம்மாத்திரம்? நோயாளியின் படத்தைச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்து வாட்ஸப்பில் அனுப்புவது இன்று சாதாரணமாக நடக்கிறது. தனிநபர் தரவுப் பாதுகாப்புக்கென 2023இல் சட்டம் வந்துவிட்டது. ஊக்கத்தொகை கேட்கும் நிலையம் இதற்கும் பொறுப்பேற்க வேண்டும். காசுக்காகக் கையெழுத்து வாங்கி, சம்மதம் என்றால் என்னவென்றே சொல்லாமல் எண்ணை இணைப்பதானால் மஞ்சள் பையே மேல்.

விதி மாறும் வரை நாம் சும்மா இருக்க வேண்டியதில்லை. நிலையத்தை அரசுப் பதிவேட்டில் சேர்ப்பது, அறிக்கையில் கையொப்பமிடும் மருத்துவர் தம் பெயரைப் பதிந்தாரா என்று பார்ப்பது, விற்க வரும் மென்பொருள் உண்மையிலேயே திட்டத்தோடு இணைந்ததுதானா என்று சோதிப்பது — இவை கணிப்பொறி அறிவியல் மூன்றாமாண்டு மாணவர் ஒருவர் இரண்டு சனிக்கிழமைகளில் செய்யக்கூடிய வேலைகள். ஓ.டி.பி. சிக்கலுக்கும் வழி இருக்கிறது. நாட்டு நலப்பணித் திட்ட முகாமைப் பொங்கலை ஒட்டி வைத்துக்கொண்டால், திருப்பூரிலிருந்தும் சென்னையிலிருந்தும் பிள்ளைகள் கைப்பேசியோடு ஊரில் இருப்பார்கள். கோயில் திண்ணையில் ஒரு மேசை போட்டு, சம்மதம் என்பதன் பொருளை முதலில் தமிழில் சொல்லி, வேண்டும் என்பவர்களுக்கு மட்டும் எண் எடுத்து, அதைக் குடும்ப அட்டையின் பின்புறம் எழுதிக் கொடுத்துவிட்டு வரலாம். சென்ற முகாமில் நாம் வெட்டிய சீமைக் கருவேலம் அடுத்த மழைக்கே துளிர்த்துவிட்டது. இந்த முறை ஒரு நாளை இதற்கு ஒதுக்கும்படி திட்ட அலுவலரை நான் கேட்கப் போகிறேன்.