சர்க்கரை இல்லாத காபி

சென்ற மாதம் என் நாத்தனார் மகளைப் பெண் பார்க்க வந்திருந்தார்கள். பஜ்ஜி, கேசரி, காபி எல்லாம் வழக்கம்போல. தட்டிலிருந்து ஒரு டம்ளரை மட்டும் நாத்தனார் தன் பக்கம் தனியாக எடுத்து வைத்துக்கொண்டதைப் பிள்ளையின் அம்மா கவனித்துவிட்டார். "உங்களுக்கு சுகர் இருக்கா?" என்று சிரித்துக்கொண்டேதான் கேட்டார். இவளும் வெள்ளை மனசோடு, "ஆமாங்க, எனக்கும் இருக்கு, அவருக்கும் இருக்கு" என்று சொல்லிவிட்டாள். நாலாம் நாள் தரகர் மூலம் பதில் வந்தது. அப்பா, அம்மா இரண்டு பேருக்கும் சர்க்கரை என்றால் பெண்ணுக்கும் வரும், பிறக்கிற பேரப்பிள்ளைக்கும் வரும், வேண்டாம் என்று.

"என் ரத்தம்தானே அண்ணி அவளுக்கு" என்று நாத்தனார் அழுதாள். அதைவிட என் மனசைப் பிசைந்தது பெண் சொன்னதுதான். மிச்சமிருந்த கேசரியைக் கிண்ணத்தோடு மடியில் வைத்துக்கொண்டு, "எப்படியும் வரத்தான் போகுது அத்தை. அப்புறம் எதுக்கு வாயைக் கட்டணும்?" என்றாள். இருபத்து நாலு வயசு அவளுக்கு.

சம்பந்தம் போனால் இன்னொன்று வரும். இந்த எண்ணம் அவளுக்குள் உட்கார்ந்துவிட்டால் என்ன செய்வது? அதனால் இந்தத் தடவை மாவடு பற்றி எழுதுவதாக இருந்ததைத் தள்ளி வைத்துவிட்டேன். எங்கள் டாக்டரிடம் கேட்டும், என் மகன் படித்துச் சொல்லியும் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன்.

பரம்பரை வியாதி என்று நாம் ஒரே மூட்டையாகக் கட்டிவிடுகிறோம். அதில் இரண்டு ஜாதி உண்டாம். ரத்தம் உறையாத ஹீமோபிலியா, தலசீமியா போன்றவை ஒரே ஒரு ஜீன், அதாவது மரபணு, கெடுவதால் வருபவை. பெரியவர்களுக்கு வரும் சர்க்கரை வியாதியோ (டாக்டர்கள் இரண்டாம் வகை என்கிறார்கள்), ரத்த அழுத்தமோ, மாரடைப்போ அப்படி இல்லை. ஒரு குடும்பம் ஒரே சேட்டிடம் பெரிய கடன் வாங்கி மாட்டிக்கொள்வது ஒரு விதம். பால்காரருக்குக் கொஞ்சம், மளிகைக் கடைக்குக் கொஞ்சம், இஸ்திரி போடுகிறவருக்குக் கொஞ்சம் என்று நூறு இடத்தில் சில்லறைக் கடன் வைத்திருப்பது இன்னொரு விதம். சர்க்கரை இந்த இரண்டாவது விதம். எல்லார் வீட்டிலும் சில்லறைக் கடன் உண்டு. பெண் பார்க்க வந்தவர்கள் வீட்டிலும்தான்.

ஐஸ்லாந்து என்று ஒரு சின்னத் தீவு நாடு. அங்கே யாருக்கு யார் தாத்தா, யாருக்கு யார் கொள்ளுப்பாட்டி என்று பல நூற்றாண்டு வம்சாவளியை எழுதி வைத்திருக்கிறார்கள். (நம்மில் எத்தனை பேருக்குக் கொள்ளுப்பாட்டியின் பெயர் தெரியும்?) 2006-ல் அந்த நாட்டு ஆராய்ச்சியாளர்கள், பத்தாவது குரோமோசோமில் டி.சி.எஃப்.7.எல்.2 என்ற ஜீனில் சர்க்கரையோடு தொடர்புள்ள ஒரு மாற்றத்தைக் கண்டுபிடித்தார்கள். இன்சுலின் சுரப்பதோடு சம்பந்தப்பட்டது அது. அம்மா வழியாகவோ அப்பா வழியாகவோ ஒரு பிரதி வந்தவர்களுக்கு, அது இல்லாதவர்களைவிட ஆபத்து 1.45 மடங்கு. இரண்டு வழியிலும் வந்தவர்களுக்கு 2.41 மடங்கு. சர்க்கரை விஷயத்தில், பரவலாகக் காணப்படும் ஜீன் மாற்றங்களில் பலமானது என்று பெயர் எடுத்ததே இவ்வளவுதான். மற்றவையெல்லாம் இதைவிடச் சிறிசு.

மறுவருஷம், 2007-ல், இங்கிலாந்தில் ஏழு வியாதிகளுக்குத் தலா 2,000 நோயாளிகளின் ரத்தத்தை எடுத்து, மேலும் 3,000 பேருடைய ரத்தத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். அதன் பிறகு பட்டியல் நீண்டுகொண்டே போனது. ஆரம்பத்தில் பார்த்ததெல்லாம் பெரும்பாலும் வெள்ளைக்காரர்களின் ரத்தம். 2011-ல்தான் நம் பக்கத்து வம்சாவளியினரைப் பெரிய அளவில் ஆராய்ந்து மேலும் ஆறு இடங்களைச் சேர்த்தார்கள். 2024-ல் வெளிவந்த ஆராய்ச்சியில் உலகம் முழுக்க இருபத்தைந்து லட்சம் பேருக்கு மேல். சர்க்கரையோடு சம்பந்தப்பட்ட இடங்கள் 611 என்று கணக்கு வந்தது!

611 என்றதும் எனக்குத் தலை சுற்றியது. டாக்டர்தான் சிரித்தார். "அத்தனையும் ஒருத்தர்கிட்ட மொத்தமா சேராதும்மா. கொஞ்சம் இவங்ககிட்ட, கொஞ்சம் அவங்ககிட்ட. அம்மாவுக்கு இருக்கறதுல பாதிதான் பிள்ளைக்கு" என்றார்.

என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது அடுத்து அவர் சொன்னது. அமெரிக்காவில் சர்க்கரையின் எல்லைக்கோட்டில் இருந்த மூவாயிரத்துச் சொச்சம் பேரைப் பிரித்து, ஒரு பகுதியினரை வாரத்துக்கு 150 நிமிஷம் நடக்கவும் எடையை நூற்றுக்கு ஏழு பங்கு குறைக்கவும் பழக்கினார்கள். 2006-ல் அவர்களுடைய ஜீனையும் சோதித்தார்கள். வெறும் மாத்திரை என்று சொல்லாமல் மருந்தில்லாத மாத்திரை கொடுக்கப்பட்டவர்களில், அந்த ஐஸ்லாந்து ஜீன் மாற்றம் இரண்டு பிரதி உள்ளவர்களுக்கு, இல்லாதவர்களைவிட ஆபத்து ஏறக்குறைய 80 சதவீதம் கூடுதல். நடந்து எடை குறைத்தவர்களிடமோ அந்த வித்தியாசம் கிட்டத்தட்ட மறைந்தே போயிருந்தது. ஜீன் எங்கும் போகவில்லை, உடம்பிலேயேதான் இருக்கிறது. அதன் ஆட்டம்தான் அடங்கிவிட்டது.

அமெரிக்கா இருக்கட்டும். நம் சென்னையிலேயே டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர் எல்லைக்கோட்டில் இருந்த 531 பேரை மூன்று வருஷம் கவனித்து 2006-ல் முடிவை வெளியிட்டார்கள். விசேஷ ஆலோசனை இல்லாமல் விட்டவர்களில் 100-க்கு 55 பேருக்கு சர்க்கரை வந்தது. சாப்பாட்டையும் நடையையும் ஒழுங்குபடுத்திக்கொண்டவர்களில் 39 பேருக்கு. "அப்பவும் 39 பேருக்கு வந்துடுச்சே" என்றாள் நாத்தனார் மகள். வந்ததுதான், அதை மறைக்க முடியாது. ஆனால் அந்தப் பதினாறு பேரில் நீ ஒருத்தியாக இருக்கலாமே என்றேன். பதில் சொல்லவில்லை. கேசரிக் கிண்ணத்தை மட்டும் கீழே வைத்தாள்.

குடும்பத்தில் ஓடுவது ஜீன் மட்டும்தானா என்றும் ஒரு சந்தேகம் எனக்கு. எங்கள் வீட்டு அப்பளம் பொரிக்கும் வழக்கம், மத்தியானம் மூன்று தடவை சாதம் போட்டுக்கொள்ளும் வழக்கம், சாப்பிட்டதும் சாய்ந்துவிடும் வழக்கம், இதுவும்தான் பாட்டி சொத்து. பழியை மொத்தமாக ரத்தத்தின்மேல் போடுவது நமக்கு வசதி.

இனி ஒரு சின்னக் கணக்கு. சென்னையில் டாக்டர் வி. மோகன் குழுவினர் 2005-ல் நம் ஜனங்களுக்கென்றே ஒரு மதிப்பெண் முறை செய்தார்கள். ரத்தம்கூட எடுக்க வேண்டாம், தையல் டேப் போதும். மொத்தம் 100. அப்பா, அம்மா இருவருக்கும் சர்க்கரை என்றால் 20, ஒருவருக்கு மட்டும் என்றால் 10. பெண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 80 சென்டிமீட்டருக்குக் கீழே இருந்தால் ஒன்றுமில்லை, 80 முதல் 89 வரை 10, 90-ம் அதற்கு மேலும் 20. உடற்பயிற்சியும் இல்லை, வேலையும் உட்கார்ந்தபடி என்றால் 30. உட்கார்ந்த வேலையானாலும் தினம் பயிற்சி உண்டு என்றால் 20. வயசு 35-க்குக் கீழே பூஜ்யம், 49 வரை 20, அதன் பிறகு 30. கூட்டினால் 60-ம் அதற்கு மேலும் வந்தால் ஆபத்து அதிகம், ரத்தப் பரிசோதனை கட்டாயம்.

கவனித்தீர்களா சகோதரிகளே? இரண்டு பெற்றோரும் சேர்ந்து 20. நாற்காலி மட்டும் 30!

பெண்ணுக்குப் போட்டுப் பார்த்தோம். பெற்றோர் 20, இடுப்பு 83 சென்டிமீட்டர் என்பதால் 10, நாள் முழுக்கக் கம்ப்யூட்டர் முன்னால் உட்காருவதால் 30. சரியாக 60. முகம் வெளுத்துவிட்டது. மறுநாள் காலை வெறும் வயிற்றில் பரிசோதனைக்குக் கூட்டிப்போனேன். சர்க்கரை அளவு சரியாகவே இருந்தது. இப்போது நானும் அவளும் சாயங்காலம் முக்கால் மணி நேரம் நடக்கிறோம். எனக்கு எவ்வளவு வந்தது என்று கேட்காதீர்கள், 49 வயது தாண்டாததால் தப்பித்தேன் என்று மட்டும் சொல்கிறேன்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை வேறு ஒரு இடத்திலிருந்து வருகிறார்கள். "அந்த டம்ளரை உள்ளேயே வச்சுடட்டுமா அண்ணி?" என்று நாத்தனார் கேட்டாள். எல்லாருடைய டம்ளரோடும் ஒரே தட்டில் கொண்டு வா என்று சொல்லியிருக்கிறேன்.