காலை வரை பொறுக்காத நோய்கள்

செல்லப்பிராணிகளுக்கான இரவுநேர அவசரச் சிகிச்சை வசதி படைத்தோரின் ஆடம்பரம் என்றும், எந்த நோயும் காலை வரை பொறுக்கும் என்றும் வாதிடுவோர் உடலியங்கியலின் அரிச்சுவடியையே மறந்துவிடுகின்றனர். ஆண் பூனையின் சிறுநீர் வெளியேறும் குழாய் மிகக் குறுகலானது என்பதால், படிகத் துகளும் சளியும் திரண்ட சிறு அடைப்பே அதனை முழுவதும் மூடிவிடும். மணல் தட்டில் திரும்பத் திரும்பக் குந்தி முக்கும் பூனைக்கு மலச்சிக்கல் என்றெண்ணி வீட்டார் விளக்கெண்ணெய் தேடிக்கொண்டிருக்க (அதற்கு இங்கே வேலையே இல்லை), வெளியேற வழியற்ற பொட்டாசியம் இரத்தத்தில் பெருகி இதயத் துடிப்பைக் குலைக்கிறது. ஓரிரு நாளில் உயிர் போய்விடும். பெரிய நாயினங்களில் இரைப்பை காற்றால் உப்பி, தன்னைத்தானே முறுக்கிக்கொள்ளும் இரைப்பை முறுக்கமோ சில மணி நேரத்திலேயே கொல்லக்கூடியது.

செலவு மிகுதி என்பதில் உண்மை உண்டு. எனினும் அதிலிருந்து பெறப்படும் முடிவு, அரசு மருத்துவமனைகளில் இச்சேவை பெருக வேண்டும் என்பதேயாகும். 1903இல் தொடங்கப்பட்டு, இன்று வேப்பேரியில் இயங்கும் சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியின் போதனை மருத்துவமனை, கற்பித்தலும் பொதுமக்களின் விலங்குகளுக்கான சிகிச்சையும் ஓரிடத்தில் இணைந்து நடக்க இயலும் என்பதற்குச் சான்று. இச்சேவை பெருகும் வரை, சிறுநீர் பிரியாமல் தவிக்கும் ஆண் பூனையை வைத்திருப்போர் விடியலுக்குக் காத்திராமல் மருத்துவரை நாடுக.