சர்க்கரைச் சோதனை காலனிக்கு வரட்டும்

கர்ப்ப காலச் சர்க்கரை நோய் வசதியானவர்களுக்கு மட்டும் வருவதல்ல. நடவுக்கும் நூறு நாள் வேலைக்கும் போகும் பெண்களுக்கும் வரும். பெரும்பாலும் அறிகுறி இருக்காது. சோதித்தால்தான் தெரியும். 75 கிராம் குளுக்கோஸ் கரைத்த தண்ணீரைக் குடித்து, 2 மணி நேரம் கழித்து ரத்தத்தைப் பார்க்க வேண்டும். அளவு 140 மில்லிகிராமை எட்டினால் நோய் உறுதி. வெறும் வயிறாக இருக்க வேண்டியதில்லை. முதல் பரிசோதனையின்போதும், அப்போது இல்லையென்றால் 24 முதல் 28 வாரத்துக்குள் மறுபடியும் சோதிக்க வேண்டும் என்பது மத்திய அரசின் வழிகாட்டுதல்.

ஆனால், ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய்வந்தால் ஒரு நாள் கூலி போய்விடுகிறது. கிராம சுகாதார செவிலியர் இதைக் காலனி அங்கன்வாடியிலேயே செய்யலாம், செய்ய வேண்டும்.

சர்க்கரை கட்டுக்குள் இருந்தாலும், தானாக வலி வராதபோது 39 வாரம் ஆனபின் மருந்து கொடுத்து வலி வரவைப்பார்கள். அது சிசேரியன் அல்ல. ஏன், எப்போது என்பதை முன்கூட்டியே மரியாதையோடு விளக்குவது மருத்துவமனையின் கடமை. விளக்காமல் கையெழுத்து மட்டும் வாங்குவது அலட்சியம். கேட்டுத் தெரிந்துகொள்வது நம் பெண்களின் உரிமை.

மாணவர்களே, உங்கள் தெருக் கர்ப்பிணிகளின் அட்டையில் இந்தச் சோதனை பதிவாகியிருக்கிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள்.