‘மறந்துவிடு’ என்பது மருந்தாகாது

நான் நான்காம் படிவத்தில் படித்தபோது, ஒரு நாள் காலையில் அப்பாவின் மோட்டார் சைக்கிளை லோரி ஒன்று மோதியது. அப்பாவுக்குக் கால் முறிந்தது. பின்னால் அமர்ந்திருந்த எனக்குச் சிராய்ப்புகள் மட்டுமே. “பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை, கடவுள் காப்பாற்றினார்” என்றார்கள் பார்க்க வந்தவர்கள். நானும் அப்படித்தான் நம்பினேன்.

சில மாதங்களில் அப்பா எழுந்து நடந்தார். நான்தான் அந்தச் சாலையிலேயே நின்றுவிட்டேன். லோரியின் பிரேக் சத்தம் கேட்டால் கை நடுங்கும். கண்ணை மூடினால் அதே காட்சி. பள்ளிக்குச் சுற்றுவழியில் போனேன். பிறகு போகாமலிருக்கக் காரணம் தேடினேன். தேர்வில் புள்ளிகள் சரிந்தன. பாட்டி விபூதி பூசிக் கயிறு கட்டினார். “அதையே நினைக்காதப்பா, மறந்துடு” என்றார் அம்மா. எல்லாம் அன்பினால்தான். ஆனால், மறக்க முயன்ற ஒவ்வொரு நாளும் பயம் வளர்ந்ததே தவிர குறையவில்லை.

பள்ளி ஆலோசக ஆசிரியர் சொன்னதால் மருத்துவமனைக்குப் போனோம். அங்குதான் அதன் பெயர் தெரிந்தது: பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தக் கோளாறு, சுருக்கமாக பிடிஎஸ்டி. நடந்தது திரும்பத் திரும்பக் கண்முன் வருவது, அதை நினைவூட்டுபவற்றைத் தவிர்ப்பது, எப்போதும் பதற்றத்துடன் இருப்பது, தன்னைப் பற்றியும் உலகைப் பற்றியும் கசப்பான எண்ணங்கள் மேலோங்குவது ஆகியவை இதன் அறிகுறிகள். ஒரு மாதத்திற்கு மேல் நீடித்து, அன்றாட வாழ்வைக் குலைத்தால்தான் மருத்துவர்கள் இதை பிடிஎஸ்டி என்பார்கள்.

விபத்து, வன்முறை, பாலியல் கொடுமை, போர், இயற்கைப் பேரிடர் என எதுவும் இதற்குக் காரணமாகலாம். உலக மக்களில் சுமார் 70 விழுக்காட்டினர் வாழ்நாளில் இத்தகைய அதிர்ச்சி ஒன்றைச் சந்திக்கிறார்கள் என்றும், அவர்களில் 5.6 விழுக்காட்டினருக்கே இந்நோய் வருகிறது என்றும் உலகச் சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. நோய் வருவது மனவலிமைக் குறைவால் அல்ல. இதை உலகம் உணரவே நீண்ட காலமானது. முதல் உலகப்போரில் பணியைவிட்டு ஓடியது, கோழைத்தனம் போன்ற குற்றங்களுக்காகப் பிரிட்டன் தன் தரப்பு வீரர்கள் முந்நூறுக்கும் மேற்பட்டோரைச் சுட்டுக்கொன்றது. அவர்களில் பலர் போர் அதிர்ச்சியால் பாதிக்கப்பட்டிருந்தார்கள் என்று பின்னர் கருதப்பட்டது. 2006இல்தான் அவர்களுக்கு மன்னிப்பு வழங்கப்பட்டது. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேட்டில் பிடிஎஸ்டி இடம்பெற்றதே 1980இல்தான்.

‘மறந்துவிடு’ ஏன் பலிப்பதில்லை? திருடன் போன பிறகும் குரைத்துக்கொண்டிருக்கும் நாயைப் போன்றது அதிர்ச்சியுற்ற மூளை. நான் சுற்றுவழியில் போகும்போதெல்லாம், “அந்தச் சாலை ஆபத்துதான்” என்று அதற்கு நானே சொல்லிக்கொடுத்தேன். ஆபத்து முடிந்துவிட்டது என்று அது கற்றுக்கொள்ள வாய்ப்பே தரவில்லை.

சிகிச்சை இதற்கு நேர்மாறாக இருந்தது. உளவியல் நிபுணரின் துணையோடு, பாதுகாப்பான அறையில், நடந்ததை வாரந்தோறும் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னேன். பிறகு அந்தச் சாலைக்கு அருகே, பின்பு அந்தச் சாலையிலேயே நடந்தேன். கண் அசைவுகளைப் பயன்படுத்தும் சிகிச்சை முறையும் உண்டு. சிலருக்கு மருத்துவர்கள் மாத்திரையும் தருவார்கள்.

அதற்காக, அதிர்ச்சிக்கு உள்ளானவரை மறுநாளே உட்கார வைத்து, “என்ன நடந்தது, சொல்” என்று தோண்டக்கூடாது. பலர் குடும்பத்தின் ஆதரவிலேயே சில வாரங்களில் தேறிவிடுவார்கள். நாம் செய்ய வேண்டியது, பக்கத்தில் இருப்பது. அவர் பேச விரும்பும்போது வாயை அடைக்காமல் கேட்பது. ஒரு மாதம் கடந்தும் தேறாவிட்டால் சுகாதார கிளினிக்கிற்கோ மருத்துவமனைக்கோ அழைத்துச் செல்வது. மலேசியச் சுகாதார அமைச்சின் 15555 உதவி எண்ணையும் அழைக்கலாம்.

விபத்தில் சிக்கிய வகுப்புத் தோழன் திரும்பி வந்ததும், அவன் காலில் உள்ள தையலைப் பார்க்கிறோம். “தூங்க முடிகிறதா?” என்றும் ஒரு வார்த்தை கேளுங்கள். என் ஆசிரியர் என்னிடம் முதலில் கேட்டது அதைத்தான்.