"வளர்ந்தா சரியாப் போகும்" என்று சொல்பவர்களுக்கு



ஊர் வட்ஸ்அப் குழுமமொன்றில் இரண்டு நாளாக ஒரு விவாதம் ஓடுகிறது. ஏடிஎச்டி உள்ள பிள்ளைகளை வைத்தியரிடம் காட்டுங்கள் என்று ஒரு சகோதரி குரல்பதிவு போட்டிருந்தார். வந்த பதில்களில் பாதி ஒரே பதில்தான்: "சின்னப் புள்ளயள் எண்டா குழப்படிதான். வளர்ந்தா சரியாப் போகும்."

படிப்பிக்கிறவள் என்ற முறையில் இதற்குக் கொஞ்சம் நீளமாகப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில், குழப்படி செய்கிற பிள்ளையெல்லாம் ஏடிஎச்டி இல்லை. அப்படி யாரும் சொல்லவுமில்லை. 12 வயதுக்கு முன்பே அறிகுறிகள் தொடங்கியிருக்க வேண்டும். ஆறு மாதத்துக்குக் குறையாமல் நீடிக்க வேண்டும். வீட்டில் மட்டுமோ பாடசாலையில் மட்டுமோ இல்லாமல் இரண்டு இடத்திலாவது தெரிய வேண்டும். பிள்ளையின் படிப்பையும் உறவையும் அது கெடுக்க வேண்டும். இவ்வளவும் பார்த்துத்தான் வைத்தியர் பெயர் வைப்பார். பக்கத்து வீட்டு மாமியோ வகுப்பு டீச்சரோ வைக்கிற பெயர் இல்லை இது.

இனி "சரியாப் போகும்" என்ற கதைக்கு வருவோம். இது நம்ம ஊர்க் கண்டுபிடிப்பு இல்லை. 1968இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேடே, கட்டிளமைப் பருவத்தில் இது பெரும்பாலும் குறைந்துவிடும் என்றுதான் எழுதியது. ஓட்டமும் துள்ளலும்தான் நோய் என்று அன்று நினைத்தார்கள். ஓட்டம் குறைந்ததும் நோய் போய்விட்டது என்று கணக்கு முடித்தார்கள். 1980இல் அதே கையேடு கவனக்குறைவை முன்னுக்கு வைத்தது. 2013இல் பெரியவர்களில் இதை எப்படி அடையாளம் காண்பது என்பதையும் சேர்த்தது. மருத்துவ உலகம் மாற்றிக்கொண்ட கருத்தை நாம் இன்னும் பிடித்துக்கொண்டிருக்கிறோம்.

2021இல் ஓர் ஆய்வு வெளியானது. ஏடிஎச்டி உள்ள 558 பிள்ளைகளைச் சிறுவயதிலிருந்து 16 வருடம் தொடர்ந்து பார்த்தார்கள். முழுதாகக் குணமாகி அப்படியே நிலைத்தவர்கள் 100க்கு ஏறக்குறைய 9 பேர். 64 பேருக்கு ஏறி இறங்கியது: சில காலம் நன்றாக இருக்கும், பிறகு திரும்ப வரும். ஒரு தவணை பிள்ளை ஒழுங்காக இருந்ததும் "பாத்தீங்களா, சரியாப் போச்சி" என்று ஆறுதலடைகிறோமே, அது அந்த ஏற்ற இறக்கத்தில் ஒரு பக்கமாகவும் இருக்கலாம்.

வயதோடு குறைவது பெரும்பாலும் வெளியே தெரிகிற ஓட்டம்தான். உள்ளே இருப்பது உருமாறும். வாங்கில் இருக்க முடியாத பொடியன் ஒரு தொழிலில் நிலைக்க முடியாத வாலிபனாவான். கொப்பியைத் தொலைத்தவன் மின்சாரப் பட்டியல் கட்ட மறப்பான். வரிசையில் நிற்க முடியாமல் தள்ளியவன் யோசிக்காமல் கடன் வாங்குவான், யோசிக்காமல் வார்த்தையை விடுவான். அப்போது யாரும் ஏடிஎச்டி என்று சொல்வதில்லை. "பொறுப்பில்லாதவன்" என்று சொல்லிவிடுகிறோம்.

சில வாப்பாமார் சொல்வார்கள்: "நானும் சின்ன வயசில இப்படித்தான். இப்ப நல்லாத்தானே இரிக்கன்?" அல்ஹம்துலில்லாஹ். ஆனால் ஒரு கேள்வி. உங்கள் சாவியைத் தினமும் தேடி எடுத்துத் தருவது யார்? கடைக் கணக்கை எழுதுவது யார்? பிள்ளையின் கிளினிக் திகதியை, சீட்டுக் காசை, கல்யாண வீட்டு அழைப்பை ஞாபகம் வைத்திருப்பது யார்? உங்களுக்குச் சரியாகவில்லை, வாப்பா. உங்கள் மனைவி உங்களைச் சமாளிக்கிறார். ஏடிஎச்டி பெருமளவு பரம்பரையாக வருவது. "வாப்பாவப் போல" என்பது பிள்ளைக்கு ஒன்றுமில்லை என்பதற்கு ஆதாரம் இல்லை. அதற்கு நேர் எதிரான ஆதாரம்.

பெண்பிள்ளைகளின் நிலை இதைவிட மோசம். பலர் ஓடமாட்டார்கள், சத்தம் போடமாட்டார்கள். யன்னலைப் பார்த்துக்கொண்டு இருப்பார்கள். "மந்தம்" என்று எழுதிவிட்டுப் போகிறோம். கல்யாணம் முடித்து, வீடும் பிள்ளையும் வேலையும் ஒன்றாகத் தலையில் விழும்போதுதான் அவர்கள் உடைகிறார்கள். அப்போதும் நாம் வைக்கிற பெயர் "வீடு பாக்கத் தெரியாதவள்".

காத்திருப்பதால் என்ன நட்டம் என்று கேட்கிறீர்கள். காத்திருக்கிற அந்தப் பத்து வருடமும் பிள்ளை சும்மா இருப்பதில்லை. தினமும் ஏச்சுக் கேட்கிறது. புலமைப்பரிசில் வகுப்பில் பிரம்பு, ஓதப்போன இடத்தில் பிரம்பு, வீட்டில் வாப்பாவின் கை. பாடசாலையில் உடல்ரீதியான தண்டனை கூடாது என்று கல்வி அமைச்சு 2005இலேயே சுற்றறிக்கை விட்டது. அதை வாசிக்காத ஆசிரியர்கள் நம்மிலும் இருக்கிறார்கள், மத்ரஸாக்களில் கேட்கவே வேண்டாம். அடியால் கவனம் வராது. பயம் வரும், பொய் வரும், பிறகு "நான் கூடாதவன்" என்ற எண்ணம் வரும். அந்த எண்ணத்துக்கு மருந்து கண்டுபிடிப்பது ஏடிஎச்டிக்கு மருந்து கொடுப்பதைவிடக் கஷ்டம்.

சிலர் உண்மையாகவே முன்னேறுகிறார்களே என்றால், ஆம், பலர் முன்னேறுகிறார்கள். ஏடிஎச்டி உள்ள பிள்ளைகளின் மூளைப் புறணியின் சில பகுதிகள் சராசரியாக மூன்று வருடம் பிந்தி முதிர்வதாக 2007இல் ஓர் ஆய்வு காட்டியது. அதனால் காலமும் கொஞ்சம் உதவும். ஆனால் சமாளிக்கும் பழக்கம் வயதோடு தானாக முளைப்பதில்லை. நீச்சல் போல யாராவது சொல்லித்தர வேண்டும்.

எதைச் சொல்லித்தருவது? பெரிய விசயம் ஒன்றுமில்லை. சாவிக்கும் பேர்ஸுக்கும் ஒரே ஓர் இடம். ஞாபகத்தை நம்பாமல் எழுதி வைப்பது, போனில் அலாரம் வைப்பது. பெரிய வேலையைச் சின்னத் துண்டாக்குவது. பதினைந்து நிமிடம் படிப்பு, ஐந்து நிமிடம் எழும்பி நடப்பு. பிள்ளை வீட்டுவேலை செய்யும்போது பக்கத்தில் ஒரு பெரியவர் தன் வேலையோடு உட்கார்ந்திருப்பது. நேரத்துக்குத் தூக்கம். நமக்கு அல்லாஹ் ஒரு நாளை ஐந்து வக்தாகப் பிரித்தே தந்திருக்கிறான். "பின்னேரம் செய்" என்றால் இந்தப் பிள்ளைக்கு விளங்காது. "அஸர் தொழுதவுடன் கணக்குக் கொப்பி, மஃரிபுக்குப் பிறகு பேக் அடுக்குதல்" என்றால் பிடித்துக்கொள்ளும். பாங்கைவிட நல்ல அலாரம் நம்ம ஊரில் இல்லை.

ஆசிரியர்களே, முன் வாங்கில் இருத்துங்கள், யன்னலோரம் வேண்டாம். ஒரு நேரத்தில் ஒரு கட்டளை. கொப்பி பங்கிடும் வேலையைக் கொடுங்கள், அவனுக்கு எழும்ப ஒரு காரணம் கிடைக்கும். செய்த நல்லதை அந்த இடத்திலேயே சொல்லுங்கள்.

மருந்து என்றதும் பயப்படுகிறவர்களுக்கு: எல்லோருக்கும் மருந்து தேவைப்படாது. தேவைப்படுகிறவர்களுக்கு மெதில்பெனிடேட் போன்ற மருந்துகள் பல வருடமாகப் பாவனையில் இருக்கின்றன. பசி குறையலாம், தூக்கம் குழம்பலாம், அதனால்தான் வைத்தியரின் தொடர் கண்காணிப்பு வேண்டும். நோன்பு காலத்தில் பெரியவர்கள் தாமாக நிறுத்திவிடாமல், றமழானுக்கு முன்பே வைத்தியரிடம் கேளுங்கள். துஆச் செய்யுங்கள், ஓதிப் பாருங்கள், யாரும் தடுக்கவில்லை. ஆனால் ஒட்டகத்தைக் கட்டாமல் தவக்குல் வைக்கச் சொல்லி நமக்கு மார்க்கம் கற்றுத்தரவில்லை.

அரச வைத்தியசாலைகளின் மனநல கிளினிக்குகளில் காசு இல்லாமல் காட்டலாம். கொழும்பில் சீமாட்டி ரிஜ்வே சிறுவர் வைத்தியசாலையில் பிள்ளைகளுக்கென்றே மனநலப் பிரிவு இருக்கிறது. எங்கே போவதென்று தெரியாவிட்டால் 1926க்கு அழையுங்கள், அது தேசிய மனநல உதவி இலக்கம். "பைத்தியத்துக்குக் காட்டுறாங்க" என்று சொல்வார்களே என்று பயப்படாதீர்கள். அப்படிச் சொல்கிறவர்கள் உங்கள் பிள்ளையின் சாதாரண தரப் பெறுபேறு வரும் நாளில் உதவிக்கு வரமாட்டார்கள்.

அடுத்த முறை ஒரு உம்மா கண்கலங்கி "என்ட புள்ளக்கி என்னமோ இரிக்கி" என்றால், தயவுசெய்து "வளர்ந்தா சரியாப் போகும்" என்று வாயை அடைக்காதீர்கள். "எந்த நாளில் கிளினிக்? நானும் வாறன்" என்று சொல்லுங்கள்.