மறைப்பும் மனச்சான்றும்

கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்றனர் நம் முன்னோர். காதில் விழுவதை ஐயுறப் பழகிவிட்ட நாம், கண்ணில் விழுவதை மட்டும் இன்னும் ஐயுறக் கற்கவில்லை. திரையில் ஒருவர் நடந்து வந்தால், அவர் அங்கே நடந்தார் என்றே நம்பிவிடுகிறோம்.

இந்த நம்பிக்கையோடு விளையாடுவது புதிய கலையன்று. 1898-ஆம் ஆண்டிலேயே பிரான்சு நாட்டு ஜார்ஜ் மெலியே, தன் தலையைத் தானே கழற்றி மேசைமேல் வைத்துக் காட்டினார். கரிய பின்னணியில் ஒரே ஃபிலிமில் மீண்டும் மீண்டும் படம் பிடித்ததே அந்த மாயம். நம் நாட்டில் 1940-இல் வந்த ‘உத்தமபுத்திரன்’ படத்தில் பி. யு. சின்னப்பா இரு வேடங்களில் தோன்றினார். இரட்டை வேடக் காட்சிகளுக்கு லென்சின் ஒரு பாதியை அட்டையால் மறைத்துப் படமெடுத்து, ஃபிலிமைப் பின்னோக்கிச் சுற்றி, மறு பாதியை மறைத்து எடுப்பது ஒரு வழி. ஆனால் நடுக்கோட்டை நடிகர் தாண்டிவிட்டால் குட்டு வெளிப்பட்டுவிடும். ஆளோடு சேர்ந்து நகரும் மறைப்புக்கு அமெரிக்காவின் ஃபிராங்க் வில்லியம்ஸ் 1918-இல் காப்புரிமை பெற்ற பிறகே அக்கோடு அழிந்தது.

அன்று ஸ்டுடியோக்களுக்கே உரியதாயிருந்த அவ்வித்தை இன்று மாணவர் கையில் இருக்கிறது. கேடன்லைவ் போன்ற இலவச மென்பொருளில் ஒரு காட்சியின்மேல் இன்னொரு காட்சியைத் தனித் தடமாக அடுக்கலாம். மேல் தடத்தில் உள்ள ஆளைச் சுற்றிப் புள்ளிகள் வைத்துக் கோடிட்டால், கோட்டுக்கு வெளியே கீழ்த்தடம் தெரியும். ஆள் நகர நகரக் கோட்டையும் நகர்த்த வேண்டும். நாம் குறித்த இரு கீஃப்ரேம்களுக்கு இடைப்பட்ட நகர்வை மென்பொருளே கணக்கிட்டுக்கொள்ளும்.

எங்கள் வகுப்பின் பிரிவுபசார விழாப் படத்துக்கு நானும் இவ்வேலையைச் செய்தேன். படப்பிடிப்பு நாளன்று நண்பன் ஒருவன் வரவில்லை. தேர்வுக் கட்டணத்துக்காக வெள்ளையடிக்கும் வேலைக்குப் போயிருந்தான். அடுத்த வாரம் அதே இடத்தில் அவனைத் தனியே நடக்கவிட்டு எடுத்து, எங்களுக்கிடையே சேர்த்தேன். பத்து விநாடிக் காட்சி. விநாடிக்கு 25 வீதம் 250 படங்கள். ஐந்து படத்துக்கு ஒரு கீஃப்ரேம் என்று வைத்தும் இரண்டு மாலைப்பொழுதுகள் ஆயின.

விழாவில் எல்லாரும் கைதட்டினர். அவன் மட்டும் என்னிடம் மெல்லச் சொன்னான்: “படம் நல்லாத்தான் இருக்குடா. ஆனா அன்னைக்கு நான் எங்க இருந்தேன்னு எனக்குத் தெரியுமே.”

அச்சொல் என்னைச் சுட்டது. எங்களை எடுத்தது காலையில். அவனை எடுத்தது மாலையில். நிழல் மாறி விழுந்ததால் அதை வெட்டிவிட்டிருந்தேன். எங்கள் நடுவே நிழலில்லாமல் நடந்தான் அவன். ஒருவரும் அதைக் கவனிக்கவில்லை. அவன் நிழலோடு அவனுடைய அன்றைய உழைப்பையும் நான் வெட்டி எறிந்துவிட்டேன் அன்றோ?

அன்பினால் செய்தபோதே இப்படியென்றால், பகையினால் செய்தால் என்ன ஆகும்? செல்லாத இடத்துக்கு ஒருவரைச் சென்றவராக்கலாம், நின்றவரை இல்லாதவராக்கலாம். ஆகவே இக்கலையே வேண்டாம் என்பார் உளர். அது என் கருத்தன்று. ஒவ்வொரு மாணவரும் ஒருமுறையேனும் இதைக் கையால் செய்து பார்க்க வேண்டும் என்பேன். தானே வெட்டித் தரும் கருவிகள் வந்தபின் கையால் எதற்கு என்று கேட்கலாம். தலைமுடியின் ஓரத்தையும், பாதத்தடி நிழலையும், ஒருவர் முன்னே மற்றவர் கடக்கும் இடத்தையும் படம் படமாகப் பார்த்துத் தவித்தவனுக்கே பொய் எங்கே ஒளியும் என்பது புரியும். பூட்டுச் செய்யக் கற்றவனே பூட்டின் பலவீனம் அறிவான்.

இன்னொன்றும் சொல்வேன். சேர்க்கட்டும், சேர்த்ததைச் சொல்லியும் விடட்டும். நண்பனைக் கேட்டு, படத்தின் முடிவில் ஒரு வரி சேர்த்தேன்: “இவர் அன்று வேலைக்குச் சென்றிருந்தார், பின்னர் இணைக்கப்பட்டார்.” அதைப் படித்துவிட்டு அவன் சிரித்தான்.

நண்பர்களே, மறைப்பு நம் கையில் இருக்கலாம். அது நம் மனச்சான்றின்மேல் விழாமல் இருக்கட்டும்.